தூசியை எண்ணிய கதை

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காற்றுமானி வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டி. முகப்பில் பிஎம் 2.5, அதாவது காற்றிலுள்ள நுண்துகள், என்று போட்டு ஓர் எண். தீபாவளி இரவு தெருவில் சரம் வெடித்தபோது அது 400ஐத் தாண்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை. மறுநாள் சாம்பாருக்குத் தாளிக்கையில் 150ஐத் தொட்டது. அதையும் ஒப்புக்கொள்ளலாம், வரமிளகாய் கருகினால் வீடே இருமும். ஆனால் யாரோ குளித்துவிட்டுக் கதவைத் திறக்க, வெந்நீர் ஆவி கூடத்துக்குள் வந்ததும் எண் 200க்கு எகிறியது. வெந்நீரில் ஏது தூசி?

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குட்டி விசிறி, டிவிடி பிளேயரில் இருந்த சாதியைச் சேர்ந்த ஒரு சிவப்பு லேசர், பக்கத்தில் ஓர் ஒளியுணரி. அவ்வளவுதான். விசிறி காற்றை இழுக்கிறது. துகள் லேசரைக் கடக்கும்போது மினுக்குகிறது. உணரி அந்த மினுக்கைக் கணக்கெடுக்கிறது. ஆக, பெட்டி எண்ணுவது தூசியை அல்ல, மினுக்கை. மலிவான பெட்டி என்று இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. தூசியை எண்ணப் புறப்பட்டவர்களில் அநேகமாக யாருமே அதை நேராக எண்ணியதில்லை. கையில் சிக்காத அந்தச் சமாசாரத்தை நீர்த்துளியாக, கண்ணாடியில் புள்ளியாக, மின்துடிப்பாக வேறொன்றாக்கி, அந்த வேறொன்றைத்தான் எண்ணியிருக்கிறார்கள். அதற்கான தளவாடங்களும் சொந்தமானவை அல்ல. வெடிமருந்துக்காரரிடம் கொஞ்சம், சர்க்கரைக் கடையில் கொஞ்சம், மோட்டார் காரிலிருந்து கொஞ்சம் என்று இரவல் வாங்கியவை.

அளவையில் தூசிக்கு நம் ஊரில் பழைய இடம் ஒன்று உண்டு. கணக்கதிகாரம் போன்ற நூல்களின் நீட்டலளவை வாய்பாட்டில் அணுவுக்கு அடுத்த படியில் நிற்பது கதிரெழு துகள். கூரை இடுக்கில் நுழையும் வெயிலில் மிதக்கிறதே, அதுதான். மனு நூலில் அதே துகள் திரசரேணு என்ற பெயரில் எடைக் கணக்கின் முதல் படி. 8 திரசரேணு ஒரு ஈர், 3 ஈர் ஒரு கருங்கடுகு என்று ஏறிக்கொண்டே போனால் 1,296 தூசி சேர்ந்து ஒரு குன்றிமணி. குன்றிமணி சுமார் 120 மில்லிகிராம் என்பதால் ஒரு தூசி 90 மைக்ரோகிராம் சொச்சம். இன்றைய இந்திய விதிப்படி ஒரு கன மீட்டர் காற்றில் நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் நுண்துகள்தான் இருக்கலாம். மனுவின் ஒற்றைத் தூசி ஒரு கன மீட்டர் காற்றைக் கெடுக்கப் போதும்! தூசியைக் கொண்டு தங்கத்தை நிறுத்தார்கள், விரலை அளந்தார்கள். தூசியையே அளக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியது பாரிஸில், ஒரு சண்டைக்கு நடுவில். மூடிவைத்த கஷாயத்தில் உயிர் தானாகப் பிறக்கிறதா, காற்றோடு வந்து விழுகிறதா என்று 1860 வாக்கில் பெரிய வாக்குவாதம். லூயி பாஸ்டர் காற்றோடுதான் வருகிறது என்ற கட்சி. அதை நிரூபிக்க, காற்றில் வருவதைப் பிடித்துக் காட்ட வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது துப்பாக்கிப் பஞ்சு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு கந்தக அமிலமும் சேர்த்து ஊறவைத்தால் கிடைக்கும் வெடிபொருள். கண்டுபிடிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. பாஸ்டருக்கு அது வெடிப்பது முக்கியமில்லை. சாராயமும் ஈதரும் சேர்ந்த கலவையில் அது சர்க்கரைபோலக் கரைந்துவிடும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு குழாயில் அந்தப் பஞ்சை அடைத்து, ஜன்னல் வழியாக வெளிக்காற்றை இழுத்தார். பஞ்சு கறுத்ததும் கரைத்தார். அடியில் தங்கிய மண்டியை நுண்ணோக்கியில் வைத்தால் மாவு மணிகளுக்கும் கரித்தூளுக்கும் நடுவே பூஞ்சை விதைகளைப் போன்ற உருண்டைகள். வலையைக் கரைத்துவிட்டு மீனை மட்டும் எடுக்கிற இந்த வித்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டு கழித்துத் தங்கச் சுரங்கத்தில் திரும்ப வரும்.

பாஸ்டருக்குப் பத்தாண்டு பின்னால் இங்கிலாந்தில் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற மருத்துவர் இன்னொரு பொறி செய்தார். ஒரு புனல், காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்தப் பக்கம் திரும்ப ஒரு வால், புனலின் முனைக்கு எதிரே பசை தடவிய கண்ணாடிச் சில்லு. வருகிறதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். இந்த மேடாக்ஸை உலகம் வேறொரு காரியத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. கண்ணாடியில் ஜெலட்டின் பூசி உலர்ந்த புகைப்படத் தகடு செய்யலாம் என்று 1871இல் சொன்னவர் அவர்தான். பின்னால் வந்த பிலிம் சுருள்கள் எல்லாம் அந்த ஜெலட்டினின் வாரிசுகள். கண்ணாடியில் எதையாவது பூசிக்கொண்டிருப்பது மனிதருக்குக் கைப்பழக்கம் போல.

மேடாக்ஸின் பொறி கப்பலேறிக் கல்கத்தா வந்தது. அதைக் கொஞ்சம் திருத்தி, டேவிட் டக்ளஸ் கன்னிங்காம் என்ற ராணுவ மருத்துவர் சிறைச்சாலைகளில் வைத்தார். கைதிகளுக்குக் காய்ச்சலும் பேதியும் வரும் நாட்களையும், கண்ணாடியில் விதைகள் கூடும் நாட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எதுவும் இல்லை என்று 1873இல் அச்சிட்டார். படம் படமாக அவர் வரைந்த பூஞ்சை விதைகள் இன்றும் பார்க்க அழகு. கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும் அச்சேற்றிய அந்த நேர்மை அதைவிட அழகு.

அதே காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் தூசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒளி பாய்ச்சினால் ஆவிகள் என்ன ஆகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. குழாயில் எவ்வளவு சுத்தமான காற்றை அடைத்தாலும் தூசி மினுக்கி ஆட்டத்தைக் கெடுத்தது. எரிச்சலில் காற்றை ஒரு சாராய விளக்கின் சுடர் வழியாக விட்டார். தூசி மறைந்தது. ஒளிக்கற்றைக்கு அடியில் விளக்கைப் பிடித்தால் கன்னங்கரேலென்று புகை சுருண்டு எழுந்தது. புகையல்ல, தூசியே இல்லாத வெற்றுக் காற்று. ஒளியைச் சிதறடிக்க அங்கே எதுவும் இல்லாததால் கறுப்பு. பிறகு ஒளிக்கற்றையில் தன் மூச்சை ஊதினார். முதலில் மாற்றமில்லை. மூச்சின் கடைசிப் பகுதி, நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது, கற்றையில் கறுப்பாக ஓர் ஓட்டை போட்டது. உள்ளே போன தூசி வெளியே வரவில்லை என்றால் எங்கே தங்கியது? தொழிற்சாலை மருத்துவர்களுக்கு அடுத்த நூறு ஆண்டுக்கும் அதுதான் கேள்வி.

ஒளியில் தூசியைக் காட்டலாம், எண்ண முடியாது. எண்ணும் வழி ஒரு பொம்மை போன்ற சாதனத்தில் கிடைத்தது. பாரிஸ் ராணுவ மருத்துவமனை ஒன்றில் இருந்த கூலியே 1875இல் ஒரு குடுவையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாயில் ரப்பர் பந்து ஒன்றை மாட்டினார். பந்தை அமுக்கிவிட்டால் உள்ளே காற்று சட்டென விரிந்து குளிர்ந்து மூடுபனி உண்டாகும். குடுவையைப் பல நாள் அசையாமல் வைத்திருந்தாலோ, காற்றைப் பஞ்சில் வடிகட்டினாலோ பனி வரவில்லை. நீராவி தானாகத் துளியாவதில்லை, உட்கார ஒரு தூசி கேட்கிறது என்பது பொருள். கூலியேயின் கட்டுரை மருந்தாளர்களின் இதழ் ஒன்றில் வந்து அங்கேயே உறங்கிப்போனது.

ஐந்து ஆண்டு கழித்து, ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில் ஜான் எய்ட்கன் அதையே மறுபடி கண்டுபிடித்தார். இவர் விஞ்ஞானியாகப் படித்தவர் அல்ல. கிளாஸ்கோவில் கப்பல் எஞ்சின் தொழில் பழகியவர். உடம்பு ஒத்துழைக்காததால் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே பட்டறை போட்டுத் தம் கருவிகளைத் தாமே கடைந்துகொண்டார். ஒரு கலத்தில் வடிகட்டிய காற்று, இன்னொன்றில் சாதாரணக் காற்று. இரண்டிலும் கொதிநீராவியை விட்டார். சாதாரணக் காற்று வெள்ளைவெளேர் என்று ஆனது, வடிகட்டியது தெளிந்தே நின்றது. 1880 டிசம்பரில் இதை எடின்பரோவில் படித்தார். கூலியே முந்திக்கொண்டது தெரியவந்ததும் ஒப்புக்கொண்டார். தூசி இல்லாவிட்டால் மேகமும் மூடுபனியும் இல்லை என்ற சேதி பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

ஆனால் எய்ட்கன் அடுத்துச் செய்ததுதான் பெரிய காரியம். ஒவ்வொரு தூசி மேலும் ஒரு துளி உட்காருமானால், துளியை எண்ணினால் தூசியை எண்ணியதாகாதா? ஒரு சின்ன வட்டக் கலம். அடியில் மெருகேற்றிய வெள்ளித் தகடு, அதில் ஒரு மில்லிமீட்டர் கட்டங்கள் கீறப்பட்டவை. தகட்டுக்கு மேலே சரியாக ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. பம்பை ஓர் இழுப்பு இழுத்தால் உள்ளே மழை பெய்யும். தகட்டில் விழுந்த துளிகளை உருப்பெருக்கி வைத்து, ஆவியாகிப் போவதற்குள் அவசரமாக எண்ண வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் உள்ள காற்று ஒரு கன சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, மிச்சம் பெருக்கல்தான். தூசி மிகுந்தால் ஈரம் எல்லாத் துகளுக்கும் பங்கு வராது. அதனால் சோதிக்கும் காற்றில் சிட்டிகை அளவு எடுத்து வடிகட்டிய காற்றில் கலந்து நீர்க்கச் செய்வார். பால்காரர் வித்தை, நல்ல காரியத்துக்கு.

கணக்கு வந்தபோது அவரே மிரண்டிருப்பார். மழைநாளில் வெளிக்காற்று: கன சென்டிமீட்டருக்கு 32,000. மழையில்லாத நாளில் 1,30,000. அறைக்குள் 18,60,000. கூரையருகே 54,20,000. பன்சன் விளக்கின் சுடருக்கு மேலே 3 கோடி. சிகரெட் பிடிப்பவர் ஒரு இழுப்பில் 400 கோடி துகளைக் காற்றுக்கு அனுப்புகிறார் என்றும் கணக்குப் போட்டார். பிறகு கருவியைக் கையோடு எடுத்துப்போகுமாறு சுருக்கிக்கொண்டு கிளம்பினார். சுவிட்சர்லாந்தின் ரீகி மலை, ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ், பிரெஞ்சுக் கடற்கரை. ஈஃபிள் கோபுரம் திறந்த 1889ஆம் ஆண்டிலேயே அதன் உச்சிக்கும் போய் எண்ணினார். ஒரே நாளில் சில நூறுக்கும் ஒரு லட்சத்துக்கும் நடுவே எண் ஊசலாடியது. பாரிஸின் மூச்சு மேலே வருவதும் போவதுமாக இருந்தது. உல்லாசப் பயணத்துக்குப் போகிறவர்கள் பொம்மை வாங்கி வருவார்கள், இவர் எண் வாங்கி வந்தார்.

இங்கே கதைக்கு ஒரு கிளை உண்டு. 1894 செப்டம்பரில் அதே பென் நெவிஸ் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இரண்டு வாரம் தங்கினார். மேகத்தில் விழுந்த தம் நிழலைச் சுற்றி வண்ண வளையம் கண்டு சொக்கிப்போய், கேம்பிரிட்ஜ் திரும்பியதும் கண்ணாடிக்குள் மேகம் செய்யத் தொடங்கினார். எய்ட்கன் வழிதான். ஆனால் தூசி முழுவதையும் எடுத்துவிட்ட பிறகும், காற்றைக் கொஞ்சம் அதிகமாக விரியவிட்டால் துளிகள் வந்தன. எதன்மேல் உட்கார்ந்தன? மின்னேற்றம் பெற்ற அயனிகள்மேல். 1911இல் அவர் கலத்தில் ஆல்பாத் துகள் போன தடம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. 1927இல் நோபல் பரிசு. 1932இல் பாசிட்ரான் அகப்பட்டதும் இத்தகைய மேகக் கலத்தில்தான். தூசியைப் பிடிக்கச் செய்த கண்ணியில் எதிர்ப்பொருளே வந்து விழுந்தது.

தூசி வேறொரு பக்கத்தில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. ஜோகன்னஸ்பர்க் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருக்கிறது. 1890களில் இயந்திரத் துளைப்பான்கள் வந்து, தண்ணீர் விடாமல் பாறையைக் குடைந்தன. போயர் போர் மூண்டதும் சுரங்கங்கள் மூடின. போர் ஓய்கிற நேரத்தில் கணக்கெடுத்தால், முன்பு வேலை பார்த்த 1,377 துளைப்பான் ஓட்டுநர்களில் 225 பேர் இரண்டரை ஆண்டுக்குள் செத்திருந்தார்கள். போரில் அல்ல, நுரையீரலில் கல் படிந்து. அந்தக் கணக்கில் வெள்ளைத் தொழிலாளர்களே இருந்தார்கள். அவர்களோடு அதே தூசியைத் தின்ற கறுப்பின மக்களை அப்போது யார் எண்ணினார்கள்? நம் பக்கத்தில், வட ஆற்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் போய் இறங்கிய கோலார் தங்கவயலின் நுரையீரல்கள் ஆய்வேட்டில் ஏறியது 1940களில்தான்.

ஜோகன்னஸ்பர்க்கில் முதலில் புழங்கியது சர்க்கரைக் குழாய். கண்ணாடிக் குழாயில் சாதாரணச் சர்க்கரையை நிரப்பிச் சுரங்கக் காற்றை இழுக்க வேண்டியது. பிறகு சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, கரையாமல் நின்ற கல்தூளை வடிகட்டி நிறுக்க வேண்டியது. பாஸ்டரின் வித்தை, துப்பாக்கிப் பஞ்சுக்குப் பதில் பலசரக்குக் கடைச் சரக்கு. அமெரிக்காவில் மிசௌரி மாநில ஜாப்லின் துத்தநாகச் சுரங்கங்களுக்கும் அது போனது. ஆனால் ஒரு மாதிரி எடுக்க நேரம் பிடிக்கும். குழாயோடு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் மேஸ்திரி தண்ணீரைத் திறந்துவிட எவ்வளவு நேரம் ஆகும்?

தென்னாப்பிரிக்க அரசின் சுரங்கப் பொறியாளர் ராபர்ட் கோட்சே 1916 வாக்கில் அதற்கு மருந்து கண்டார். கோனிமீட்டர் என்று பெயர்; கிரேக்கத்தில் கோனிஸ் என்றால் தூசி. கைக்கு அடக்கமான பம்பில் ஸ்பிரிங். விசையைத் தட்டினால் ஒரு சிரிஞ்சு அளவு காற்று மெல்லிய துளை வழியாகப் பாய்ந்து, வாசலின் தடவிய கண்ணாடியில் மோதும். காற்று திரும்பி ஓடிவிடும். கனமான துகள் திரும்பத் தெரியாமல் நேரே போய் ஒட்டும். பேருந்து சட்டென வளைந்தால் நின்றுகொண்டிருப்பவர் பக்கத்து ஆள் மேல் சாய்கிறாரே, அந்த விதிதான். கண்ணாடியைக் கொஞ்சம் சுழற்றினால் அடுத்த மாதிரிக்கு இடம் தயார். மேலே கொண்டுவந்து நுண்ணோக்கியில் புள்ளிகளை எண்ணினால் ஆயிற்று. ‘டக்’ என்று ஒரு ஓசை, மேஸ்திரிக்கு மூச்சுவிட நேரமில்லை. ஜெர்மனியில் சைஸ் கம்பெனி இதற்குத் தன் கண்ணாடிகளைப் பொருத்தித் தன் மாதிரி என்று விற்றது. வேறு பட்டறைகளும் சும்மா இருக்கவில்லை. எல்லாரும் நகலெடுத்தார்கள், அதன் குறையையும் சேர்த்து. அந்த வேகத்தில் மோதும் தூசிக் கட்டிகள் உடைந்து ஒன்று பத்தாகும். மிக நுண்ணியவை காற்றோடு நழுவிவிடும்.

அமெரிக்கர்கள் கண்ணாடிக்குப் பதில் தண்ணீரைப் பிடித்தார்கள். சுரங்கத் துறையில் 1922இல் லெனர்ட் கிரீன்பர்க், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் செய்த ‘இம்பிஞ்சர்’ ஒரு கண்ணாடிப் புட்டி. நிமிடத்துக்கு ஒரு கன அடி காற்று, நீருக்குள் இருக்கும் ஒரு தட்டில் மோதும்; தூசி நீரில் தங்கும். அந்த நீரில் ஒரு சொட்டை எண்ண, குடிநீர்ப் பாசியை எண்ணுவதற்காகச் செய்திருந்த செட்ஜ்விக்-ராஃப்டர் கட்டத்தை இரவல் வாங்கினார்கள். ‘கன அடிக்கு இத்தனை மில்லியன் துகள்’ என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அமெரிக்கத் தொழிலகச் சட்டத்தின் அட்டவணையில் இன்னும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு கருவியின் கண் எவ்வளவு தூரம் சட்டத்தின் கண்ணாகும் என்பதற்கு அஸ்பெஸ்டாஸ் சாட்சி. அஸ்பெஸ்டாஸ் நெசவாலைகளை 1938இல் ஆராய்ந்த அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் இம்பிஞ்சர் வைத்து கன அடிக்கு 5 மில்லியன் துகள் என்று வரம்பு பரிந்துரைத்தார்கள். ஆனால் அந்தப் புட்டி உருண்டைத் தூசியையும் நீண்ட நாரையும் ஒன்றாகவே எண்ணியது. ஆளைக் கொல்வது நார். நாரைத் தனியாக எண்ணும் முறை, சவ்வு வடிகட்டியில் பிடித்து நுண்ணோக்கியில் பார்ப்பது, 1960களின் கடைசியில்தான் ஊன்றியது. முப்பது ஆண்டு ஒரு தவறான எண் சரியான எண்ணாக நடமாடியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

பிரிட்டிஷ்காரர்கள் டிண்டாலின் கறுப்புப் புகையை நினைவில் வைத்திருந்தார்கள். சூடான பொருளைச் சுற்றித் தூசி விலகி, குளிர்ந்த பக்கம் போய் ஒட்டும். 1935இல் கிரீன், வாட்சன் இருவரும் இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே சூடேறிய கம்பியை நீட்டி, தூசியை உடைக்காமல் பதமாகப் படியவைத்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் வெகுநாள் அதற்கு மரியாதை. பிறகு 1959இல் ஜோகன்னஸ்பர்க்கிலேயே ஒரு மாநாடு கூடி, நுரையீரலின் ஆழம்வரை போகும் தூசி எது என்று ஒரு கோடு கிழித்தது. எண்ணுவதைவிட அந்த அளவுள்ள தூசியை நிறுப்பதே மேல் என்ற கட்சி அதன்பின் வலுத்தது.

இதற்கிடையில் உலகப் போர். ஜெர்மன் விஷவாயு முகமூடிகளைக் கைப்பற்றிய பிரிட்டிஷார், உள்ளே இருந்த வடிகட்டித் தாளைப் பிய்த்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். காகிதக் கூழில் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்த தாள். அமெரிக்க ஆலை அதைப் பார்த்து அதேபோல் செய்தது. அணுகுண்டுத் திட்டத்தின் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க அதுவே உதவியது. இன்று ஆபரேஷன் தியேட்டரிலும் விமானத்திலும் உள்ள ஹெப்பா வடிகட்டிக்கு அதுதான் பாட்டன். அப்போது இர்விங் லாங்முயர் ஒரு விசித்திரம் கண்டார். பெரிய துகள் மோதி மாட்டும், மிகச் சிறியது தள்ளாடித் தள்ளாடி நாரில் ஒட்டும், நடுத்தரமாக 0.3 மைக்ரான் வாக்கில் இருப்பதுதான் தப்பும். வடிகட்டியைச் சோதிப்பவர்கள் வாயில் இன்றுவரை அந்த 0.3 புழங்குவது அதனால்தான்.

வடிகட்டியைத் தாண்டி வந்ததை எண்ண வேண்டுமே? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் குக்கர் குழு ராணுவத்துக்காக ஒரு கருவி கட்டியது. கிருமி விதை ஒவ்வொன்றாக ஒளியில் கடக்க வேண்டும், ஒவ்வொரு மினுக்குக்கும் ஓர் எண் ஏற வேண்டும். ஒளிக்கு அவர்கள் மாட்டியது ஃபோர்டு காரின் முகப்பு விளக்கு! 1947இல் விவரம் வெளியானது. மனிதக் கண்ணை விலக்கிவிட்டு மின்கண் தூசியை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது அங்கேதான். என் வெள்ளைப் பெட்டி அந்த வம்சம். விளக்குக்குப் பதில் லேசர்.

இந்த எண்ணியால் நடந்த ஒரு வேடிக்கை. நியூ மெக்சிகோவின் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் 1960களின் தொடக்கத்தில் தூய அறை ஒன்று கட்டினார். பெருக்குவதும் துடைப்பதும் எதற்கு, வடிகட்டிய காற்றையே ஆறுபோல ஒரே திசையில் ஓடவிட்டால் தூசியை அதுவே அடித்துப்போகாதா என்பது யோசனை. எண்ணியை உள்ளே வைத்தார்கள். கிட்டத்தட்ட பூஜ்யம். கருவி கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தார்களாம். 1963இல் அமெரிக்க அரசுத் தரவிதி வந்தது: ஒரு கன அடியில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 100க்கு மிகாவிட்டால் ‘வகுப்பு 100’. நம் செல்போன் சில்லுகள் பிறக்கும் அறைகள் அந்தக் கணக்கைவிடவும் சுத்தமானவை.

கோனிமீட்டரின் வம்சம் வேறு பக்கம் கிளைத்தது. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் கே.ஆர். மே, 1945இல் துளைகளை அடுக்கடுக்காக, போகப் போகச் சிறிதாக வைத்தார். பெரிய தூசி முதல் தட்டில், சிறியது கடைசித் தட்டில். நம் சல்லடைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியதுபோல. அதைப் பார்த்து ரொத்தம்ஸ்டெட் பண்ணையில் ஜிம் ஹர்ஸ்ட் 1952இல் பூஞ்சை விதைப் பொறி செய்தார். அவர் கவலை உருளைக்கிழங்கு நோய். மகரந்த ஒவ்வாமைக்காரர்களுக்கு இன்றும் எண் சொல்வது அந்தக் கிழங்குப் பொறியின் வாரிசுகள். அமெரிக்காவில் ஆண்டர்சன் 1958இல் செய்த அடுக்கு, மூக்கு தொடங்கி நுரையீரல் வரையிலான பாதைக்கு மாதிரியாக நின்றது. ஆஸ்துமாவுக்கு இழுக்கிறோமே, அந்த இன்ஹேலரின் மருந்து மூச்சுக்குழலில் எங்கே போய் விழும் என்று மருந்து ஆலைகள் பார்ப்பது இந்த அடுக்கில்தான். காற்றோட்டம் நிமிடத்துக்கு 28.3 லிட்டர். ஏன் இந்தச் சில்லறை என்று நெடுநாள் விழித்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒரு கன அடி! இம்பிஞ்சர் காலத்து அடிக்கணக்கு, லிட்டர் வேடம் போட்டுக்கொண்டு மருந்து ஆலைக்குள் உலாவுகிறது.

எய்ட்கனும் மறையவில்லை. பிராகாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி டப்ளின் வந்து சேர்ந்த லியோ பொல்லாக், 1946இல் நோலன் என்பவரோடு சேர்ந்து எய்ட்கனின் மழைக்கலத்தை நீட்டி, கண்ணுக்குப் பதில் ஒளிமின்கலம் வைத்தார். எத்தனை துளி என்று எண்ணாமல், பனி எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்த்தால் போதும். 1980இல் அமெரிக்காவில் அகர்வாலும் செம்மும் தண்ணீரை விட்டு பியூட்டனால் ஆவிக்கு மாறி, காற்று நிற்காமல் ஓட ஓடத் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இந்த வகைக் கருவியைக் கொரோனாக் காலத்தில் மருத்துவமனை ஊழியர் பலர் தெரியாமலே சந்தித்திருப்பார்கள். என்95 முகமூடி முகத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பெட்டி, முகமூடிக்கு வெளியே எத்தனை துகள், உள்ளே எத்தனை என்று மாறி மாறி எண்ணும். உள்ளே ஒவ்வொரு துகளும் ஆல்கஹாலில் குளித்துத் துளியாகிறது. ஃபால்கிர்க் பட்டறையின் மழைதான், சாராயத்தில்.

அரசுகள் நிறுவை பக்கம் சாய்ந்தன. அமெரிக்கா 1987இல் பிஎம் 10, 1997இல் பிஎம் 2.5 என்று வரம்பு வைத்தது, அந்த 2.5 மைக்ரானைப் பிரிப்பதும் கோனிமீட்டரின் அதே வளைவு வித்தைதான். ஆய்வகத்தில் இதைச் சரியாகச் செய்வது கோயில் மடப்பள்ளி ஆசாரம். வடிகட்டித் தாளைக் காற்றுபடும் முன்னும் பின்னும் 20 முதல் 23 டிகிரி வெப்பத்தில், 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில், ஒரு முழு நாள் கிடத்தி வைக்க வேண்டும். தாளின் மின்னேற்றம் தராசை ஏமாற்றாமல் இருக்கப் பக்கத்தில் பொலோனியம் பட்டை வைப்பதும் உண்டு. இவ்வளவு ஆசாரமும் ஒரு எதிரிக்காக: ஈரம். தாள் குடிக்கும், தூசியும் குடிக்கும். தராசுக்கு எது தண்ணீர், எது தூசி என்று தெரியாது. தெருவோரத்து அரசு நிலையங்களில் பீட்டாக் கதிர் வைத்து மணிக்கு மணி நிறுக்கும் இயந்திரங்களுக்கு அதனால் உறிஞ்சு குழாயிலேயே ஒரு சூடேற்றி உண்டு. காற்று தூசியோடு உள்ளே வரும்போதே அதன் ஈரத்தைக் காயவைத்துவிடும்.

என் பெட்டியில் சூடேற்றி இல்லை. அந்தக் குளியலறை ஆவி கூடத்தின் குளிர்ந்த காற்றில் துளித்துளியாகத் திரண்டிருக்கிறது, ஒவ்வொரு துளியும் லேசரில் மினுக்கியிருக்கிறது, பெட்டி எண்ணியிருக்கிறது. மார்கழி வந்ததும் இன்னொரு சோதனை பார்த்தேன். விடிகாலை ஐந்தரைக்கு, தெருவில் ஒரு வண்டிகூட இல்லாத நேரத்தில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. 260. கீழே வந்து, காப்பி குடித்துவிட்டு, வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தேன். தெருவில் பேருந்தும் லாரியும் ஓடத் தொடங்கியிருந்தன. பெட்டி 70 காட்டியது. முகப்புக் கண்ணாடியில் பனித்துளி உலர்ந்த இடங்களில், ஒவ்வொரு துளிக்கும் ஒன்றாக, மங்கலான சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தன. விரலால் தேய்த்தேன். விரல் நுனி கறுத்தது.